ஜெனிதாவின் அரை மில்லிமீட்டர்

மரக்காணத்திலிருந்து கூனிமேடு வரைக்கும் உப்பளங்களில் ஓடுகிற பம்புகளில் பாதி என் வீட்டு மாட்டுக்கொட்டகையில் பிறந்தவை. சரி, பாதி என்பது கொஞ்சம் அதிகம். கால்வாசி என்றாலும் அதிகம்தான். உண்மையைச் சொன்னால் ஒன்றே ஒன்று. அதுவும் முழுப் பம்பு இல்லை, அதன் வயிற்றுக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம் மட்டும். ஆனால் அந்த ஒரு சக்கரம் பிறந்து வெளியே வருவதற்குள் எங்கள் வீட்டில் நாலு நாள் ஒருத்தரும் சாப்பிடவில்லை. இதுவும் அதிகம். நான் சாப்பிட்டேன். ஜெனிதா சாப்பிடவில்லை.

ஜெனிதாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். முப்பத்து நாலு வயது. என் வீட்டுப் பின்கட்டில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறாள். அவள் கணவன் பிராங்க்ளின், ஈ.சி.ஆர். சாலை ஓரத்தில் மீன் வெட்டிக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறான். பள்ளியில் எட்டாம் வகுப்பு அறிவியலை என்னிடம் படித்தவன் என்பதால் இன்னமும் என்னை டீச்சர் என்பான். ஜெனிதாவுக்கு நான் ஆயா.

அவளுக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடுவது நின்றுகொண்டு, போனில் பேசுவது நடந்துகொண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது மற்றவர்கள் கண்ணை மூடுவார்கள். இவள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை நீட்டி, பீடத்துக்கு மேலே இருக்கிற சிலுவையை அளப்பாள். "ஆயா, ரெண்டு டிகிரி சாஞ்சிருக்குது" என்று என் காதில் சொல்வாள். அன்றிலிருந்து எனக்கும் அந்தச் சிலுவை நேராகத் தெரிவதில்லை.

ஆரோவில்லில் ஒரு மரப்பட்டறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தாள். தினமும் ஸ்கூட்டியில் பொம்மையார்பாளையம் வரை போய் உள்ளே திரும்ப வேண்டும். முதல் இரண்டு வருடம் மரத்தூள் கூட்டினாள். அப்புறம் உப்புத்தாள் தேய்த்தாள். அப்புறம், கம்ப்யூட்டரில் வரைந்த படத்தைப் பார்த்துத் தானாகவே மரத்தைக் குடைகிற சி.என்.சி. மிஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நின்றவள் நகரவே இல்லை. பட்டறை அந்தப் பிரிவை மூடியபோது வீட்டுக்கு வந்து பதினோரு நாள் சும்மா இருந்தாள். அந்தப் பதினோரு நாளில் என் வீட்டுக் கதவுகளின் கீல்களை எல்லாம் கழற்றி மாட்டினாள், கழற்றத் தேவையில்லாதவை உட்பட. பன்னிரண்டாம் நாள், வீட்டில் வைத்து ஓட்டுகிற சின்ன சி.என்.சி. மிஷின் ஒன்றை உதிரி உதிரியாக வரவழைத்தாள். மாட்டுக்கொட்டகையில் மாடு இல்லை. மிஷின் குடியேறியது.

கேரம் போர்டைவிடக் கொஞ்சம் பெரிது. அடியில், மரத்தூளை அழுத்திச் செய்த ஒரு தடித்த பலகை, இரண்டு பக்கமும் சட்டத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். குடைய வேண்டிய மரத்தை அதன்மேல் வைத்து இறுக்கினால், மேலேயிருந்து பிட் என்கிற சின்ன வெட்டுமுனை சுழன்றபடி இறங்கி, எறும்பு மாதிரி ஊர்ந்து ஊர்ந்து குடையும். ஊர்வதுதான் எறும்பு, சத்தம் யானை. நான் சமையலறையில் டம்ளரை மேடையில் வைத்தால், அது தானாக நடந்து ஓரத்துக்கு வந்து குதிக்கும். ஒரு நாள் எட்டு டம்ளர் வரிசையாக வந்து நின்றன, பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிறவர்கள் மாதிரி. எட்டு என்றால் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவள் செய்தது மெழுகுவர்த்தி அச்சு. கோயில் திருவிழாவுக்குச் சம்மனசு வடிவில், அதாவது இறக்கை வைத்த தேவதூதன் வடிவில், மெழுகுவர்த்தி. ஒரு உருவத்தை வார்க்க வேண்டுமென்றால் அச்சு இரண்டு பாதியாக இருக்க வேண்டும். சேர்த்துக் கட்டி ஊற்றி, ஆறியதும் பிரித்து எடுக்க வேண்டும். கும்பிடுகிற கைகளைப் பாருங்கள். இரண்டும் ஒரே கை இல்லை. ஒன்று மற்றொன்றைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருப்பதால்தான் விரலோடு விரல் பொருந்துகிறது. அச்சும் அப்படித்தான் பொருந்த வேண்டும். ஜெனிதா ஒவ்வொரு பாதியையும் மரத்தின் ஓரத்திலிருந்து அளந்து குடைந்தாள். மரத்தின் ஓரம் கோணலாக இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. விளைவு, அந்த வருடம் நாற்பது சம்மனசுகளுக்கு ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே, மூக்கின் நடுவில் ஒரு படிக்கட்டு. திருவிழாவுக்கு வந்த பிள்ளைகள் பூசை முடிகிற வரைக்கும் சிரித்தார்கள். "ஜெனிதாக்கா சம்மனசு கண்ணடிக்குது" என்று இன்றைக்கும் தெருவில் சொல்வார்கள். அவளும் கூடச் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போய் எதையாவது கழற்றுவாள்.

அதற்கப்புறம் அவள் மரத்தின் ஓரத்தை நம்பியதில்லை. அடிப்பலகையில் மிஷினாலேயே இரண்டு துளை போட்டு, இரண்டு எஃகு முளைகளை நட்டுவிட்டாள். எந்த மரத்தை வைத்தாலும் அந்த முளைகளில்தான் போய் உட்கார வேண்டும். முதல் பாதியும் அதே முளையில், இரண்டாம் பாதியும் அதே முளையில். மரம் கோணலாக இருந்தாலும் முளை நகராது.

"ஆயா, இனிமே எந்தச் சம்மனசும் கண்ணடிக்காது" என்றாள்.

இப்படி இருக்கும்போது, மே மாதத்தில் ஒரு புதன்கிழமை மத்தியானம் ஆதிமூலம் வந்தார். ஊருக்கு மேற்கே பதினாறு பாத்தி உப்பளம் வைத்திருப்பவர். கையில் சாக்குத்துணியில் சுற்றி எதையோ கொண்டுவந்து, கருவாட்டை அவிழ்ப்பது மாதிரி அவிழ்த்தார். துருவும் ஓட்டையுமாக ஒரு சக்கரம். அதன் இறக்கைகளில் பாதி இல்லை.

"இம்பெல்லரும்மா. உப்புத்தண்ணி துன்னுடுச்சி. இத செஞ்ச கம்பெனியே இப்ப இல்லியாம். புதுப் பம்பு வர பத்து நாள் ஆவும்னு சொல்றான். வாடகை பம்பு ஒண்ணுகூட சும்மா இல்ல, சீசனு, எல்லாம் ஓடினு இருக்குது."

"பாத்தி எத்தினி நாள் தாங்கும் மாமா?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும். இந்த வெயிலுக்கு அதுக்கு மேல தரை வெடிச்சிடும்."

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. உப்புப் பாத்தியின் தரை சும்மா கிடக்கிற மண் இல்லை. தை மாதத்திலிருந்து ஆதிமூலமும் அவர் மனைவி தையல்நாயகியும் வெறுங்காலால் மிதித்து மிதித்து, சிமெண்டு மாதிரி இறுக்கி வைத்த தரை. உவர்நீர் நிற்கிற வரை அது தரை. தண்ணீர் வற்றி வெடித்துவிட்டால் மறுபடியும் சேறு. வாருகிற உப்பெல்லாம் மண். மறுபடி மிதித்து எடுப்பதற்குள் சீசன் போய்விடும்.

"ஞாயித்துக்கெழம ஓடும் மாமா" என்றாள் ஜெனிதா.

பின்னால் செதில் ஒட்டிய கையோடு நின்ற பிராங்க்ளின், "ஏய், அத இன்னும் நீ கையிலகூட வாங்கல" என்றான்.

"பாத்துட்டேன்."

"அவரு பாத்தியில சம்மனசு பறக்கப்போவுது" என்று முணுமுணுத்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் மீன் கடைக்கே போய்விட்டான்.

அவள் திட்டம் இது. சக்கரத்தை அளந்து, உடைந்த இறக்கைகளை ஊகித்துக் கம்ப்யூட்டரில் வரைவது. தேக்கில் இரண்டு பாதி அச்சு குடைவது. அதில் ரப்பர் மாதிரி கெட்டியாகிற ரெசினை ஊற்றி வார்ப்பது. அதை உப்பு தின்னாது. நடுவில் பம்பின் தண்டு போகிற துளை, அது மட்டும் இரண்டு பாதியிலும் ஒரே நேராக இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் சக்கரம் தலையை ஆட்டும். ஆட்டினால் ஒரே நாளில் பம்பே உடைந்துவிடும். சரிபார்க்க எளிய வழி வைத்திருந்தாள்: இரண்டு பாதியையும் சேர்த்து வைத்து, தண்டின் பருமனுள்ள ஒரு கம்பியை மேல் துளையில் விடுவது. அது அடி வரைக்கும் இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு பாதியைக் குடைய மூன்று மணி நேரம் ஆகும். வியாழன் காலை கீழ்ப் பாதி. மத்தியானத்துக்கு மேல் மேல்பாதி. அந்த வாரம் மிஷின் முன்பு மாதிரி ஆடவில்லை. செவ்வாய்க்கிழமை ஜெனிதா பிட் வாங்கப் புதுச்சேரி போயிருந்தபோது, பிராங்க்ளின் இரண்டு உப்பு மூட்டைகளைத் தூக்கி வந்து, நீட்டிக்கொண்டிருந்த அடிப்பலகையின் இரண்டு ஓரத்திலும் தலையணை மாதிரி வைத்துவிட்டான். எங்கள் ஊரில் எது ஆடினாலும் உப்பு மூட்டைதான். கதவு அடித்தால் உப்பு மூட்டை, பந்தல் பறந்தால் உப்பு மூட்டை. வேறு ஊரில் செங்கல் வைப்பார்களோ என்னவோ, எங்களுக்குத் தோன்றாது. ஜெனிதாவும் திரும்பி வந்து பார்த்து, "பரவாயில்லியே" என்றுதான் சொன்னாள்.

வியாழன் சாயங்காலம் இரண்டு பாதியையும் சேர்த்துக் கம்பியை விட்டாள். மேல் பாதியைத் தாண்டியது. நின்றது. தட்டினாள். இறங்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தாள். கீழ்த் துளை ஒரு பக்கமாகப் பிறை நிலா மாதிரி தெரிந்தது.

"எவ்ளோ?" என்றேன்.

"அரை மில்லி."

"அரை மில்லிதானே?"

"ஆயா, அரை மில்லிதான் அந்தச் சம்மனசும்."

அதற்கப்புறம் அவள் நடக்க ஆரம்பித்தாள். கொட்டகையிலிருந்து கிணறு, கிணற்றிலிருந்து கொட்டகை. நாற்பத்து மூன்று தடவை எண்ணினேன். இருபதுக்கு மேல் எண்ணவில்லை என்பதும் உண்மை. படத்தில் தப்போ? படத்தைப் பார்த்தாள். சரியாக இருந்தது. முளை ஆடுகிறதோ? ஆடவில்லை. பிட்டை நகர்த்துகிற பல் பட்டை தளர்ந்ததோ? இறுக்கமாக இருந்தது. ஒன்றும் தப்பில்லை என்பதுதான் அவளைத் தின்றது. தப்பு இருந்தால் திருத்தலாம். எல்லாமே சரியாக இருந்தால் எதைத் திருத்துவது?

அவளிடம் நாலு தேக்குப் பலகைகள் இருந்தன, பட்டறை மூடியபோது கொண்டு வந்தவை. இரண்டு போய்விட்டன. வெள்ளிக்கிழமை மூன்றாவதை எடுத்து மேல் பாதியைத் திரும்பக் குடைந்தாள். இந்தத் தடவை கம்பி இன்னும் சீக்கிரம் நின்றுவிட்டது. முக்கால் மில்லி.

அதே நேரம் பார்த்து ஆதிமூலம் வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்தினார். உள்ளே வரவில்லை. கேட்கக் கூச்சம்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். கொஞ்சம் நின்று, "கோடியில ரெண்டு பாத்தி, ஓரத்துல கோடு வுட ஆரம்பிச்சிடுச்சி. தையல்நாயகி கொடத்துல தண்ணி மொண்டு ஊத்தினு இருக்கா" என்றார்.

பாத்திக்குக் குடத்தில் தண்ணீர்! அவர் போனதும் ஜெனிதா நாலாவது பலகையை, கடைசிப் பலகையை எடுத்தாள். அதை மிஷினில் வைக்காமல், குழந்தையைப் பிடிக்கிற மாதிரி இடுப்பில் அணைத்துக்கொண்டு மறுபடியும் கிணற்றுக்கு நடந்தாள்.

"உக்காருடி கொஞ்ச நேரம்" என்றேன்.

"உக்காந்தா பாத்தி காயாதா ஆயா?"

கடற்காற்று அப்போதுதான் எழுந்திருந்தது. எங்கள் ஊரில் காலையில் மேற்கே நிலத்திலிருந்து வறண்ட காற்று. மத்தியானத்துக்கு மேல் திரும்பிக் கிழக்கேயிருந்து ஈரக்காற்று. கொடியில் காய்ந்த புடவை திரும்பவும் நமத்துப்போகும். ஜெனிதா திரும்பி வந்து, பலகையை என் மடியில் வைத்துவிட்டு, மிஷினில் ஒன்றுமே வைக்காமல் பிட்டை மட்டும் ஓடவிட்டாள். அடிப்பலகையின்மேல், பட்டும் படாத உயரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு.

மேற்கு ஓரத்தில் பிட் காற்றில் சுழன்றது. நடுவில் லேசாக உரசியது. கிழக்கு ஓரத்துக்கு வந்தபோது 'கர்ர்' என்று கடித்தது. அந்த ஓரம் மட்டும் உப்பி எழுந்திருந்தது. தூள் பறக்கவில்லை, ஈரமாக, பிசுபிசுவென்று திரண்டது. ஜெனிதா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். இந்த ஊரில் பிறந்தவர்கள் நாக்கில் வைக்காமல் எதையும் நம்பமாட்டோம்.

"உப்பு" என்றாள்.

அந்தப் பக்கத்து மூட்டையின் ஓரத்தைத் தூக்கினாள். அடியில் பலகை கறுத்து ஊறிக்கிடந்தது.

அதற்குமேல் சொல்லித்தர வேண்டியதில்லை என்றாலும் நான் சொல்லித்தந்தேன். உப்பளத்து உப்பு வெறும் உப்பு இல்லை. அதில் மக்னீசிய உப்புகளும் உண்டு. அவை காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக் குடிக்கும், குடித்துக் கசியும். மரத்தூள் பலகை அந்தக் கசிவைக் குடிக்கும், குடித்து உப்பும். கடற்காற்று நேராகப் படுகிற கிழக்கு மூட்டைதான் அதிகம் கசிந்திருந்தது. பலகை ஒரு பக்கம் உப்பினால் முளை சாயும். முளை சாய்ந்தால், அதில் உட்கார்கிற எல்லாமே சாயும். வியாழன் காலையில் பலகை அவ்வளவாக ஊறவில்லை; அதனால் கீழ்ப் பாதி நேர். சாயங்காலம் ஊறிவிட்டது, மேல்பாதி கோணல். வெள்ளிக்கிழமை இன்னும் ஊறி இன்னும் கோணல். எட்டாம் வகுப்புப் பாடம்.

கடையிலிருந்து வந்து நின்ற பிராங்க்ளின் வாயைத் திறந்தான்.

"யாரு இத இங்க வெச்சது?" என்றாள் ஜெனிதா.

அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் மூட்டையைப் பார்த்தான். "நான்தான் தூக்கியாந்தேன்" என்றான்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூட்டையின் ஒரு காதைப் பிடித்தாள். அவன் மறு காதைப் பிடித்தான். இரண்டு மூட்டையும் வேலிப்பக்கம் போய் விழுந்தன. அதற்கப்புறம் அவனோடு பேச்சு இல்லை. சாப்பாட்டுத் தட்டை அவன் முன்னால் வைத்தபோது எழுந்த சத்தத்தில் என் டம்ளர்கள் மறுபடி நடந்தன.

ஊறிய பலகையைக் கழற்றியாகிவிட்டது. அந்த இடத்தில் எதைப் போடுவது? மரம் எதுவானாலும் ஈரம் குடிக்கும். புதுச்சேரிக்கு ஓடி, பலகை வாங்கி, அறுத்துக் கொண்டுவர ஒரு நாள் ஆகும். சனிக்கிழமை விடிந்ததும் பிராங்க்ளின் ஒரு வார்த்தை பேசாமல், கடையில் மீன் வெட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையைத் தோளில் தூக்கி வந்து கொட்டகை வாசலில் சாத்தினான். இரண்டு விரல் கனம். சோப்பு போட்டுக் கழுவியிருந்தான். அன்றைக்குக் கடை இல்லை என்று அர்த்தம்.

ஜெனிதா அதைப் பார்த்தாள். விரலால் சுண்டினாள். தண்ணீர் தெளித்தாள், தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. அவனைப் பார்க்காமலே, "அந்த ஸ்க்ரூவ எடு" என்றாள். அது பேச்சில் சேர்த்தி இல்லை.

பிளாஸ்டிக் பலகையை இறுக்கி, முதலில் அதன் முகத்தையே மிஷின் மழித்தது. கத்தித் தழும்புகள் எல்லாம் சுருள் சுருளாக உரிந்து வந்தன. சூடேறிய வஞ்சிரத்தின் வாசனை கிளம்பி, தெருவிலிருந்த ஏழு பூனைகளும் வாசலுக்கு வந்தன. புது முளைகள் நட்டாள். மூலைமட்டத்தை வைத்து நாலு பக்கமும் பார்த்தாள். வியாழக்கிழமைக் கீழ்ப் பாதியை முளையில் உட்காரவைத்து, துளையில் கம்பியை நிறுத்தி, அதுவும் நேர்தானா என்று பார்த்தாள். நேர்தான். அதைக் கழற்றிவிட்டுக் கடைசிப் பலகையை வைத்தாள்.

அந்த மூன்று மணி நேரம் அவள் கொட்டகைக்குள் நிற்கவில்லை. மாமரத்தடி, கிணற்றடி, வேலி, திரும்ப மாமரத்தடி. மிஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். பிராங்க்ளின் மட்டும் உள்ளே உட்கார்ந்து தூளை ஊதிக்கொண்டிருந்தான். பிட் நின்றபோது கடற்காற்று இன்னும் எழவில்லை.

இரண்டு பாதியையும் சேர்த்தாள். கம்பியை மேல் துளையில் வைத்தாள். விட மனசில்லை. விரலாலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வுடு ஜெனி" என்றான் பிராங்க்ளின்.

விட்டாள். தடங்கல் இல்லாமல் இறங்கி, அடியில் மேசையில் 'டொக்' என்றது. எடுத்து மறுபடி விட்டாள். டொக். பத்துத் தடவை விட்டாள். ஐம்பது என்று எழுத ஆசைதான், பத்துத்தான்.

சாயங்காலம் ரெசின் ஊற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் சிலுவையை அளக்கவில்லை. வாசல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் வீட்டுக்கு வந்து அச்சைப் பிரித்தாள். தேன் நிறத்தில் சக்கரம், இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் முடி கனத்துக்கு ஒரு கோடு. நகத்தால் தடவினாள். படிக்கட்டு இல்லை.

உப்பளத்துக்கு நானும் போனேன். தையல்நாயகி கடைசிப் பாத்தியில் குடத்தோடு நின்றாள். ஆதிமூலம் சக்கரத்தை மாட்டி, மோட்டாரைப் போட்டுவிட்டு, பம்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் பார்ப்பது மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நான் ஒரு டம்ளர் தண்ணீரை அதன்மேல் வைத்தேன். ஒரு சொட்டுத் தளும்பவில்லை. சரி, கொஞ்சம் தளும்பியது. ஆனால் டம்ளர் நடக்கவில்லை. உவர்நீர் வாய்க்காலில் விழுந்து ஓடியது. கோடியிலிருந்த இரண்டு பாத்திகள் வெடித்துத்தான் போயிருந்தன. பதினாலு தப்பின.

"அந்த ரெண்டையும் மிதிச்சிக்கலாம்" என்றாள் தையல்நாயகி.

ஜெனிதா அப்போதே வரப்பில் இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தாள். அடுத்த பாத்திக்காரர் பம்பு ஏன் அப்படி இருமுகிறது என்று பார்க்க.

இதை எழுதி முடித்து நேற்று மாலை இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன். ஜெனிதா நின்றுகொண்டே கேட்டாள். மூட்டை விஷயத்தில் அவள் இன்னும் அவனை முழுசாக மன்னிக்கவில்லை; அந்த இடம் வந்தபோது அவன் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தாள். பிராங்க்ளின் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"எல்லாம் கரெக்டு டீச்சர். ஒண்ணே ஒண்ணு. மூட்டையத் தூக்கியாந்தது நான்தான். 'டம்ளரெல்லாம் ஆடுது, டி.வி. கேக்க மாட்டேங்குது, ரெண்டு உப்பு மூட்டையக் கொண்டாந்து அதும்மேல போடுடா'ன்னு சொன்னது நீங்க. அதையும் எழுதிக்கங்க."